வாஷிங்டன் நகரில் செக்வே சுற்றுலா

செக்வே சுற்றுலா என்பது, பக்கவாட்டில் இரண்டு சக்கரங்களைக் கொண்டு தானே சமநிலை காத்துக்கொள்ளும் மின்வண்டியில் நின்றபடி, ஒரு வழிகாட்டியின் பின்னே வரிசையாகச் சென்று நகரைப் பார்க்கும் முறையாகும். 2000-களின் முற்பகுதியில் தொடங்கிய இம்முறை, நடந்து பார்க்க முடியாத அளவு பெரியதாகவும் பேருந்தில் பார்த்தால் விவரம் தெரியாமல் போவதாகவும் உள்ள நகரங்களில் விரைவாகப் பரவியது. அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன் அவற்றுள் ஒன்று. பொட்டோமாக், அனகோஸ்டியா என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த இந்நகரில், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரையிலான புல்வெளிப் பகுதி மட்டும் ஏறத்தாழ 3 கி.மீ. நீளமுள்ளது. ஜூலை மாத வெயிலில் அதை நடந்து கடந்து, மீண்டும் நடந்து திரும்புவது எளிதன்று.

இச்சுற்றுலாவைப் பற்றி அறிய வேண்டியவை மூன்று. அந்த வண்டி ஏன் விழுவதில்லை என்பது ஒன்று. அது ஓடும் நிலமே ஒரு காலத்தில் ஆறாக இருந்தது என்பது மற்றொன்று. வழிகாட்டி பேசுவதற்கு அரசிடம் உரிமம் பெற வேண்டுமா என்று இதே நகரில் எழுந்து, தேசத்தின் அரசமைப்புச் சட்டம் வரை சென்ற வழக்கு மூன்றாவது.

வண்டியின் தோற்றம்

செக்வேயை உருவாக்கியவர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன். நோயாளிகளுக்கு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் கருவி, படிக்கட்டில் ஏறக்கூடிய ஐபாட் என்னும் சக்கர நாற்காலி ஆகியவற்றின் மூலம் அவர் முன்பே பெயர் பெற்றிருந்தார். அந்த நாற்காலி இரண்டு சக்கரங்களின் மேல் நிமிர்ந்து நிற்கக்கூடியது. நடக்க இயலாதவர் மற்றவர்களின் கண்மட்டத்துக்கு உயர்ந்து பேச வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்ட அந்த நுட்பமே பின்னர் செக்வே ஆனது. தடையின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

2001 டிசம்பர் 3 அன்று தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இவ்வண்டி அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கு முன் பல மாதங்களாக 'ஜிஞ்சர்' என்ற மறைபெயரில் அதைப் பற்றிய வதந்திகள் உலவின. நகரங்களே இனி இவ்வண்டிக்கேற்ப அமைக்கப்படும் என்று சொன்னவர்களும் இருந்தனர். வந்தது ஏறத்தாழ 5,000 டாலர் விலையில் ஒரு நின்றோட்டும் வண்டி. கார் வாங்குவோர் அதை வாங்கவில்லை. நடப்போருக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. 2002-இன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரம் நடைபாதைகளில் அதற்குத் தடை விதித்தது. வீட்டுக்கு ஒன்று என்று எண்ணிச் செய்யப்பட்ட பொருள், கடைசியில் காவலர்களிடமும் கிடங்குகளிலும் சுற்றுலா நடத்துவோரிடமும் தங்கிவிட்டது. ஓர் ஆண்டில் இரண்டு மணி நேரம் மட்டும் செக்வே தேவைப்படும் மனிதர்கள் ஏராளம். சொந்தமாக வேண்டுவோர் சிலரே. வாடகைச் சுற்றுலா அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

விழாமல் நிற்பது எப்படி

செக்வேயை முதன்முதலில் பார்ப்பவர், உள்ளே பெரிய பம்பரம் ஒன்று சுழன்று அதைத் தாங்கி நிற்கிறது என்று எண்ணுவது வழக்கம். இது தவறு. மின்சாரத்தை நிறுத்தினால் வண்டி உடனே சாய்ந்துவிடும். அதற்கென இயல்பான சமநிலை எதுவும் இல்லை.

சிறுவர்கள் விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடுவதுண்டு. குச்சி முன்புறம் சாயத் தொடங்கினால் கையை முன்னே நகர்த்துவார்கள். பின்புறம் சாய்ந்தால் கையைப் பின்னே இழுப்பார்கள். குச்சியின் அடி எப்போதும் அதன் எடை மையத்துக்கு நேர்கீழே வந்துகொண்டே இருப்பதால் அது நிற்கிறது. இயற்பியலில் இதற்குத் தலைகீழ் ஊசல் என்று பெயர். செக்வேயில் நிற்கும் மனிதர்தான் குச்சி, சக்கரங்கள்தான் கை. அவர் முன்னே சாய்ந்தால், சக்கரங்கள் முன்னோக்கி உருண்டு அவருடைய எடை மையத்துக்குக் கீழே வர முயல்கின்றன. அவர் சாய்வைக் கைவிடாத வரை சக்கரங்களும் உருண்டுகொண்டே இருக்கும். இந்தத் துரத்தலே வண்டியின் ஓட்டம். நிமிர்ந்தால் வேகம் குறையும், சற்றே பின்னால் சாய்ந்தால் வண்டி நிற்கும். முடுக்கியும் இல்லை, தனியான தடுப்பும் இல்லை.

சாய்வை அறிவதற்கு ஐந்து சுழல்காட்டிகளும், மின்பகு திரவம் நிரப்பிய இரண்டு சாய்வு உணரிகளும் வண்டியின் அடித்தட்டில் உள்ளன. சுழல்காட்டி என்று பெயர் இருந்தாலும் இவற்றில் சுழலும் சக்கரம் கிடையாது. மிக நுண்ணிய சிலிக்கான் அமைப்பு ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். வண்டி திரும்பும்போதும் சாயும்போதும் கோரியாலிசு விளைவினால் அந்த அதிர்வு திசை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் சாய்வின் வேகம் கிடைக்கும். திரவ உணரிகளோ புவியீர்ப்பின் திசை எது என்பதைச் சொல்லும். நம் உட்செவியிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. அங்குள்ள அரைவட்டக் குழாய்களில் திரவம் அசைவதை மூளை உணர்ந்து, விழுவதற்கு முன் காலை எடுத்து வைக்கச் செய்கிறது. செக்வேயின் கணிப்பொறி ஒரு வினாடிக்கு 100 முறை இந்தக் கணக்கைப் போட்டுச் சக்கரங்களுக்கு ஆணையிடுகிறது.

ஒரு பகுதி பழுதானால் வண்டி பயணியைத் தூக்கி எறியாமல் மெல்ல நிற்க வேண்டும் என்பதற்காக, முக்கிய உறுப்புகள் இரட்டையாக அமைக்கப்பட்டன. மின்கலங்கள் இரண்டு, கட்டுப்பாட்டுச் சுற்றுகள் இரண்டு, ஒவ்வொரு மோட்டாரிலும் கம்பிச்சுருள்கள் இரண்டு. மூன்று சுழல்காட்டிகள் போதும் என்ற இடத்தில் ஐந்து இருப்பதற்கும் காரணம் இதுவே.

வேகக் கட்டுப்பாடும் சுவையானது. மணிக்கு 20 கி.மீ. என்பது உச்ச வேகம். அதை நெருங்கும்போது சக்கரங்கள் ஒரு கணம் பயணியை விடச் சற்று முந்திச் செல்கின்றன. அதனால் மேடையும் கைப்பிடியும் பின்புறமாகச் சாய்ந்து, பயணியின் உடலைத் தாமே நிமிர்த்திவிடுகின்றன. புதியவர்கள் இதை வண்டி தள்ளுவதாக எண்ணி அஞ்சி, கைப்பிடியை முன்னே அழுத்துவார்கள். செய்யக் கூடாதது அதுதான்.

தொடக்கக் கால வண்டிகளில் திரும்புவதற்கு இடக்கைப் பிடியை முறுக்க வேண்டியிருந்தது. 2006-இல் வந்த ஐ2 வகையில் கைப்பிடித் தண்டையே பக்கவாட்டில் சாய்த்தால் போதும். ஒரு சக்கரம் மற்றதை விட வேகமாகச் சுழல, வண்டி அந்தப் பக்கம் வளையும். நின்ற இடத்திலேயே ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்றி முழு வட்டம் அடிக்கவும் முடியும்.

புறப்படும் முன் பயிற்சி

சுற்றுலா நடத்துவோர் பொதுவாக அரை மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குவர். அதற்கு முன் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கப்படும். பலர் இதைப் படிக்காமல் கையெழுத்திடுகின்றனர், படிப்பது நல்லது. வாஷிங்டன் நகரச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டோர் இவ்வண்டியை ஓட்டக் கூடாது; வேகம் மணிக்கு 10 மைல், அதாவது 16 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பயணியின் எடை 45 கிலோவுக்கும் 118 கிலோவுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதித்த வரம்பு. அதிக எடைக்கு வரம்பு இருப்பது எளிதில் புரியும். குறைந்த எடைக்கு ஏன் வரம்பு என்று கேட்பவர் உண்டு. வண்டி மட்டும் ஏறத்தாழ 48 கிலோ. அதைத் தன் உடல் சாய்வால் கட்டுப்படுத்தப் போதிய எடை பயணிக்கு இல்லாவிட்டால், பின்னால் சாய்ந்தாலும் வண்டி உரிய நேரத்தில் நிற்காது.

ஏறுவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். வழிகாட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, முதலில் ஒரு காலை மேடையின் நடுப்பக்கம் வைக்க வேண்டும். அப்போது வண்டி சிறிது முன்னும் பின்னும் ஆடும். தயங்காமல் இரண்டாம் காலையும் வைத்து, பார்வையைக் கீழே செலுத்தாமல் எதிரே வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். தரையைப் பார்ப்பவரின் தலை முன்னே சாயும். தலை சாய்ந்தால் வண்டி நகரும். நகர்ந்ததும் பயந்து பின்னால் சாய்வார். வண்டி பின்னே போகும். ஆட்டத்தை உண்டாக்குவது வண்டியல்ல, அஞ்சுபவரின் உடல்தான். மிதிவண்டி கற்ற எவருக்கும் இது புதிதன்று.

இறங்கும்போது பின்புறமாகவே இறங்க வேண்டும். ஒரு காலைத் தரையில் வைத்த பின் இரண்டாம் காலையும் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு கால் மேடையிலும் ஒரு கால் தரையிலுமாக நின்று பேசத் தொடங்கினால், வண்டி அந்த ஒற்றைக் காலின் அழுத்தத்தைச் சாய்வாகக் கருதி ஓடத் தொடங்கும். கைப்பிடியை விட்டுவிட்டு நிழற்படம் எடுப்பதும் இவ்வாறே ஆபத்தானது.

ஐ2 வகை வண்டிகளில் ஆமை வடிவக் குறி ஒன்று உண்டு. அதை இயக்கினால் வேகம் மணிக்கு 10 கி.மீ.யைத் தாண்டாது, திருப்பமும் மந்தமாக இருக்கும். கற்கும் நேரத்தில் எல்லா வண்டிகளும் ஆமைகளாகவே ஓடும். 2003 ஜூனில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், தம் குடும்ப இல்லத்தில் செக்வேயில் ஏற முயன்று நிலைதடுமாறிய படங்கள் உலகெங்கும் வெளியாயின. இயக்காத வண்டியில் ஏறியதே காரணம் என்று அப்போது கூறப்பட்டது.

ஆற்றிலிருந்து எழுந்த நிலம்

வழித்தடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தேசியப் பூங்காத் துறையின் நிலப்பரப்பில் எல்லாப் பாதைகளிலும் செக்வேக்கு அனுமதி இல்லை. நினைவகங்களுக்கு உள்ளேயும் அதை ஓட்டிச் செல்ல இயலாது. வண்டியைக் கீழே விட்டுப் படியேற வேண்டும். ஆயினும் நாடாளுமன்றக் கட்டடம், வெள்ளை மாளிகையின் சுற்றுப்புறம், வாஷிங்டன் நினைவுத்தூண், மேற்கே பொட்டோமாக் ஆற்றங்கரையை நோக்கிய நினைவகங்கள் ஆகியவை பெரும்பாலான சுற்றுகளில் இடம்பெறுகின்றன. பயணம் இரண்டு மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும்.

நகரின் அமைப்பை 1791-இல் வரைந்தவர் பிரான்சில் பிறந்த பொறியாளர் பியேர் லான்ஃபான். அவர் வரைந்தபோது இன்றைய நினைவகங்கள் பலவற்றின் இடத்தில் தண்ணீர் இருந்தது. வாஷிங்டன் நினைவுத்தூண் எழும்பியபோது ஆற்றின் கரை அதற்கு மிக அருகில் இருந்தது. தூணின் அருகே இன்றும் ஜெஃபர்சன் பியர் என்னும் சிறிய கல் ஒன்று நிற்கிறது. நில அளவைக்காக முன்பு அவ்விடத்தில் நடப்பட்டிருந்த கல்லில் ஒரு காலத்தில் படகுகளைக் கட்டினார்கள். இப்போது அதைச் சுற்றிலும் புல்வெளி மட்டுமே. வழிகாட்டி நிறுத்திக் காட்டாவிட்டால் எவர் கண்ணிலும் அது படாது.

அதற்குச் சற்று வடக்கே, 17-ஆம் தெருவும் கான்ஸ்டிட்யூஷன் நிழற்சாலையும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறிய கல்வீடு உள்ளது. 1830-களில் கட்டப்பட்ட அது, கால்வாயின் மதகைக் காத்தவர் வாழ்ந்த வீடு. கால்வாய் எங்கே என்று தேடுபவர் அதன் மேலேயே நின்றுகொண்டிருப்பார். டைபர் ஓடையும் கால்வாயும் 1870-களில் மூடப்பட்டு, அவற்றின் மேல் சாலை போடப்பட்டது. நகரின் அகன்ற சாலைகளுள் ஒன்றான கான்ஸ்டிட்யூஷன் நிழற்சாலை அவ்வாறு பிறந்ததே.

வாஷிங்டன் நினைவுத்தூண் 169 மீட்டர் உயரமுள்ளது. 1848-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, பணமின்மையாலும் அரசியல் சண்டையாலும் 1854-இல் வேலை நின்றது. உள்நாட்டுப் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் தொடங்கி 1884-இல் முடிந்தது. முதலில் பயன்படுத்திய சுரங்கத்தின் பளிங்கு பின்னர் கிடைக்காததால், ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்தில் கல்லின் நிறம் மாறுவதைக் கீழிருந்தே காணலாம். ஓடும் வண்டியில் தலையை உயர்த்தி இதைப் பார்க்கக் கூடாது என்று வழிகாட்டிகள் எச்சரிப்பதன் காரணம் மேலே சொன்ன பயிற்சியிலேயே உள்ளது.

1881 பிப்ரவரியில் பொட்டோமாக் பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. ஆற்றங்கரைச் சதுப்பு, கழிவு நீரும் கொசுவும் நிறைந்து நோயின் ஊற்றாகவும் இருந்தது. அதன்பின் இராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் அடியிலிருந்து தூர் வாரிய மண்ணைக் கொண்டே சதுப்பை மேடாக்கினர். லிங்கன் நினைவகம், ஜெஃபர்சன் நினைவகம் எல்லாம் அந்தப் புது நிலத்தில் நிற்பவை. 1922 மே 30 அன்று திறக்கப்பட்ட லிங்கன் நினைவகத்தின் 36 வெளித்தூண்கள், லிங்கன் இறந்தபோது ஒன்றியத்தில் இருந்த 36 மாநிலங்களைக் குறிக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூண்களைத் தாங்குபவை கண்ணுக்குத் தெரியாத வேறு தூண்கள். கொட்டிய மண் கட்டடத்தின் எடையைத் தாங்காது என்பதால், கீழே பாறை தட்டும் வரை அடித்தளம் இறக்கப்பட்டது.

இவ்வழியில் மிகவும் கவனிக்கத்தக்கது டைடல் பேசின் என்னும் ஏரியாகும். பார்ப்பதற்கு அழகுக்காக வெட்டிய குளம் போலத் தோன்றும். உண்மையில் அது ஓர் இயந்திரம். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்தாலும் வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றில் ஏற்றவற்றம் உண்டு. நீர் ஏறும்போது ஆற்றுப் பக்கத்து மதகு திறந்து ஏரி நிரம்பும். நீர் வடியும்போது அந்த மதகு மூடிக்கொள்ள, எதிர்ப்புறத்து மதகு திறந்து, தேங்கிய நீர் வாஷிங்டன் கால்வாய்க்குள் பாயும். அங்கே சேரும் வண்டலும் குப்பையும் இவ்வாறு நாள்தோறும் அடித்துச் செல்லப்படும் என்பது ஏற்பாடு. பீட்டர் ஹெயின்ஸ் என்னும் பொறியாளரின் இத்திட்டம், நீரேற்றும் இயந்திரம் இன்றி நிலவின் ஈர்ப்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டது.

ஏரியின் கரையில் நிற்கும் செர்ரி மரங்கள் 1912-இல் டோக்கியோ நகரம் அனுப்பிய 3,020 கன்றுகளிலிருந்து தொடங்கியவை. அதற்கு முன் 1910-இல் வந்த முதல் தொகுதி பூச்சியும் நோயும் கண்டிருந்ததால் எரிக்கப்பட்டது. நன்கொடையை எரிப்பது இரு நாட்டு உறவைக் கெடுக்குமோ என்று அஞ்சியபோதும், ஜப்பானியர் அதைப் பொறுத்துக்கொண்டு மீண்டும் அனுப்பினர். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் இங்கு கூட்டம் நெருக்கியடிக்கும். செக்வேக்கு அது உகந்த காலமன்று.

இந்த நிலம் இப்போது அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் நீர்மட்டமும் உயர்ந்துள்ளது. ஏற்ற நேரங்களில் ஏரி நீர் சுவரைத் தாண்டி நடைபாதையில் நிற்பதும் மரங்களின் வேரை உப்பும் ஈரமும் தின்பதும் வழக்கமாகிவிட்டன. சுவரை உயர்த்திக் கட்டுவதற்காக 2024-இல் ஏறத்தாழ 300 மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றுள் 158 செர்ரி மரங்கள். அடிமரம் முக்கால் பங்கு பட்டுப்போயும் ஆண்டுதோறும் பூத்து, மக்கள் 'ஸ்டம்பி' என்று பெயரிட்டுக் கொண்டாடிய குட்டை மரமும் அவற்றில் ஒன்று.

பேசுவதற்கு உரிமம் வேண்டுமா

செக்வே ஓட்டுவதற்கு இந்நகரில் தனித்தேர்வு இல்லை. ஆனால் செக்வேயில் நின்றபடி, இது வாஷிங்டன் நினைவுத்தூண் என்று கூலி பெற்றுக்கொண்டு சொல்வதற்குத் தேர்வு இருந்தது. வழிகாட்டி உரிமம் பெற விரும்புவோர், வரலாறு, கட்டடக்கலை, சிலைகள், குடியரசுத் தலைவர்கள் முதலிய பல பிரிவுகளிலிருந்து 100 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. கட்டணங்களாக 200 டாலர் வரை செலவிட வேண்டியிருந்தது. உரிமமின்றிப் பேசினால் 300 டாலர் அபராதமோ 90 நாள் சிறையோ விதிக்க இடமிருந்தது.

வாஷிங்டனில் செக்வே சுற்றுலா நடத்திவந்த இருவர் 2010-இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவர்கள் வாதம் எளியது. பேச்சுரிமையைக் காக்கும் முதல் சட்டத்திருத்தம் அரசமைப்பில் இருக்கையில், கதை சொல்பவரிடம் அரசு எப்படி அனுமதிச் சீட்டு கேட்கலாம்? நகர நிர்வாகம் மறுத்தது. அறியாமை உடையவரும் ஏமாற்றுக்காரரும் பயணிகளிடம் பணம் பறித்தால் நகரின் சுற்றுலாத் தொழிலே கெடும். உரிமம் தொழிலைத்தான் ஒழுங்கு செய்கிறது, பேச்சையன்று என்றது. கீழ் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது.

2014 ஜூன் 27 அன்று கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றித் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜேனிஸ் ரோஜர்ஸ் பிரவுன். நகரம் சொன்ன தீமைகள் உண்மையில் நிகழ்கின்றன என்பதற்குச் சான்று ஏதும் அளிக்கப்படவில்லை என்றார் அவர். அப்படியே நிகழ்ந்தாலும் வரலாற்றுத் தேர்வு அவற்றைத் தடுக்காது; நூற்றுக்கு நூறு வாங்கியவரும் பயணியை ஏமாற்றலாம். மோசமான வழிகாட்டியைப் பயணிகளின் விமர்சனங்களும் சந்தைப் போட்டியுமே விலக்கிவிடும். மேலும், பதிவு செய்த ஒலியைப் போட்டுக்காட்டும் பேருந்துகளுக்கு இந்த உரிமம் தேவைப்படவில்லை. ஒலிப்பதிவு தவறான தகவலைச் சொல்லலாம், மனிதர் மட்டும் சொல்லக் கூடாதா என்ற கேள்விக்கு நகரத்திடம் விடை இல்லை.

வியப்பு என்னவென்றால், அதே மாதத் தொடக்கத்தில்தான் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான நியூ ஆர்லியன்சின் வழிகாட்டி உரிமச் சட்டம் செல்லும் என்று மற்றொரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருந்தது. அங்கு வரலாற்றுத் தேர்வோடு குற்றப் பின்னணிச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் இருந்தன. ஒரே அரசமைப்பு, ஒரே மாதம், இரு வேறு தீர்ப்புகள். முரண்பாட்டைத் தீர்க்கும் வாய்ப்பு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2015-இல் அது நியூ ஆர்லியன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. பின்னர் சவன்னா (2019), சார்ல்ஸ்டன் (2020) ஆகிய நகரங்களின் உரிமச் சட்டங்கள் நீதிமன்றங்களில் தோற்றன.

நகரத்தின் கவலையை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இயலாது. ஜெஃபர்சன் பியர் கல்லைத் தெரியாத வழிகாட்டியின் பின்னால் செல்பவர் அதைப் பார்க்காமலேயே ஊர் திரும்புவார். தாம் இழந்தது எது என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனால் அறியாமைக்குத் தண்டனை சிறை என்றால் அது வேறு செய்தி. விரும்புவோர் தாமே முன்வந்து எழுதும் தேர்வாக அது இருந்திருந்தால், வழக்கே வந்திருக்காது.

விபத்துகள்

வாஷிங்டனில் நினைவகங்களுக்கு அருகிலேயே உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர்கள், 2005 முதல் 2008 வரை செக்வே விபத்தால் அவசரப் பிரிவுக்கு வந்த 41 பேரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் 10 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; அந்தப் பத்துப் பேரில் நால்வருக்குத் தலைக்காயத்தின் காரணமாகத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. மெதுவாகச் செல்லும் விளையாட்டு வண்டி என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் பொருந்தவில்லை. பெரும்பாலோர் வெளியூர்ப் பயணிகள். அதாவது, அன்றுதான் கற்றவர்கள்.

காரணம் வண்டியின் இயல்பிலேயே உள்ளது. மிதிவண்டியில் சக்கரம் தட்டினால் கால் ஊன்றலாம். செக்வேயில் ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பிலோ கம்பத்திலோ இடித்தால், அந்தச் சக்கரம் நிற்க மற்றது ஓட, வண்டி சட்டெனத் திரும்பி மேலே நிற்பவரை வீசிவிடும். நின்ற உயரத்திலிருந்து விழுபவரின் தலை தரையில் மோதும் ஆபத்து உண்டு. தலைக்கவசம் அணியாமல் ஏறுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. வரிசையில் முன் செல்பவரோடு இடைவெளி விடாமல் ஓட்டுவதும், படம் எடுக்க ஒரு கையை விடுவதும் மற்ற பொதுக் காரணங்கள்.

வண்டியின் குறைகளும் இருந்தன. மின்கலம் தீரும் நிலையில் திடீர் வேகம் கொடுத்தால் பயணி விழக்கூடும் என்பதால், 2003-இல் அதுவரை விற்ற ஏறத்தாழ 6,000 வண்டிகளும் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சக்கரம் எதிர்பாராமல் பின்னோக்கிச் சுழலும் பிழைக்காக 2006-இல் 23,500 வண்டிகள் அழைக்கப்பட்டன. இரண்டு முறையும் திருத்தப்பட்டது மென்பொருளே. 2010 செப்டம்பரில், நிறுவனத்தை அப்போது சொந்தமாக வைத்திருந்த பிரித்தானியத் தொழிலதிபர் ஜிமி ஹெசல்டன், யார்க்சயரில் செக்வேயோடு மேட்டிலிருந்து வார்ஃப் ஆற்றில் விழுந்து இறந்தார். குறுகிய பாதையில் எதிரே நாயுடன் வந்தவருக்கு வழிவிடப் பின்வாங்கியபோது நேர்ந்த விபத்து அது.

பிற நகரங்களும் இன்றைய நிலையும்

வல்டாவா ஆற்றங்கரையில் உள்ள பிராக் நகரில் செக்வேகள் பெருகி, கற்கள் பாவிய குறுகிய தெருக்களில் நடப்போருக்கு இடமில்லாமல் போனது. உள்ளூர் மக்களின் புகார்களால் 2016-இல் நகர மையத்தில் அவற்றுக்குத் தடை வந்தது. அகன்ற நடைபாதைகளோடு திட்டமிட்டு அமைந்த வாஷிங்டனில் அத்தகைய தடை வரவில்லை. ஒரே வண்டி ஓரிடத்தில் வசதியாகவும் மற்றோரிடத்தில் தொல்லையாகவும் இருப்பதற்குத் தெருவின் அகலமே பெரும்பாலும் காரணம்.

2015-இல் சீனாவின் நைன்பாட் நிறுவனம் செக்வேயை விலைக்கு வாங்கியது. இரு சக்கரச் செக்வேயின் உற்பத்தி 2020 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதுவரை விற்றவை ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. தெருவோரத்தில் கைப்பேசியால் திறந்து எடுத்துச் செல்லும் மின் ஸ்கூட்டர்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சுற்றுலா நடத்துவோர் தம்மிடமுள்ள பழைய வண்டிகளைப் பழுதுபார்த்தும், ஓடாத வண்டிகளின் உறுப்புகளைக் கழற்றிப் பொருத்தியும் காலம் தள்ளுகின்றனர். ஆகவே முன்பதிவு செய்யும்போது, வண்டி எந்த வகை, மின்கலம் எவ்வளவு பழையது, தலைக்கவசம் தருவார்களா, மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளலாம். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் கடைசியில் நிற்பவருக்கு வழிகாட்டியின் குரல் சரியாகக் கேட்காது. காதொலிக் கருவி தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.